சுங்கான் குஞ்சும் நாலு விரல் தண்ணீரும்

வன்னிக் குளங்களில் மீசையுள்ள மீன்கள் பலவுண்டு. அவற்றுள் பொரித்த அன்றிலிருந்து வீட்டில் வைத்து வளர்க்கத் தகுந்தது சுங்கான் ஒன்றுதான் என்பதை முதலில் நிறுவ வேண்டும். வாளை ஆகாது. ஒரு மீற்றரைத் தாண்டி வளரும் அந்த மீனுக்குச் சிறு வயதிலேயே உடன்பிறந்ததும் இரைதான். கெளிறு, ஐங்குறுநூற்றிலேயே கெடிறு என்ற பெயரோடு வருகின்ற பழம்பெரும் மீன். ஆனால் இலங்கையின் கெளிறுகளை ஆய்வாளர்கள் இன்னும் பிரித்துப் பெயரிட்டு முடிக்கவில்லை. 2008இல் ஒன்று, 2013இல் ஒன்று, 2016இல் ஒன்று எனப் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. இன்ன இனமென்று தெரியாத குஞ்சைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்பு அடுத்தவருக்கு உதவாது. சிங்களத்தில் மகுரா எனப்படுவதோ இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய மீன். 1864இல் விலங்கியலாளர் குந்தர் பெயரிட்ட அந்த இனத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் விடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

எஞ்சுவது சுங்கான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று எந்தக் குளத்தின் கீழ் வயல் செய்பவருக்கும் இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தமிழ்நாட்டில் தேளி என்பார்கள். தட்டையான தலை, சின்னக் கண், நான்கு சோடி மீசை, செதில் இல்லாத கருஞ்செம்மை உடம்பு, முதுகில் முள்ளில்லாத குட்டிச் செட்டை ஒன்று, வயிற்றின் கீழிருந்து வால்வரை ஓடும் நீண்ட செட்டை ஒன்று. நெஞ்சுச் செட்டை இரண்டிலும் நஞ்சு முள். ஏறத்தாழ ஓரடி வளரும். விலங்கியல் நூல்களுக்குள் இந்த மீன் நுழைந்ததும் தமிழ்க் கரையிலிருந்துதான். தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த காலத்தில் அங்கே மிசனரியாக இருந்த கிறிஸ்தோப் சாமுவேல் யோன், அந்தக் கரையின் மீன்களைச் சேர்த்து பேர்லின் மருத்துவர் மார்க்குஸ் எலியேசர் புளொக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1794இல் புளொக் சுங்கானுக்கு இலத்தீன் பெயர் சூட்டினார். அந்தப் பெயருக்கு ஆதாரமான ஊர் தரங்கம்பாடி.

சுங்கானின் சிறப்பு அதன் முதுகுக்குள் இருக்கிறது. செவுள் அறையிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட காற்றுப் பைகள் புறப்பட்டு, முதுகுத் தசைக்குள்ளால் வால்பக்கம் போகின்றன. மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே போகும். சோழகம் அடித்து, ஆவணி புரட்டாதியில் குளம் சேறாகிக் கிடக்கும்போதும் அது சாகாமலிருப்பது இதனால்தான். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில், வற்றிய குளங்களின் சேற்றை வெட்டி ஊரவர்கள் மீன் எடுப்பதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வங்கத்தில் இதே மீனைப் பானைத் தண்ணீரில் உயிரோடு வைத்து விற்பதும், நோயிலிருந்து எழும்பியவருக்கு அதைச் சமைத்துக் கொடுப்பதும் இந்தப் பையின் தயவால் நடப்பவை.

"சுங்கானைக் கொல்லேலாது தம்பி, சேத்துக்குள்ள கிடந்தும் எழும்பி வரும்" என்று வயல்காரர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அவர் சொல்வது வளர்ந்த சுங்கானை. பொரித்த குஞ்சுக்குக் காற்றுப் பை கிடையாது. மூன்று மில்லிமீற்றர் அளவான அந்த உடம்பில் மெல்லிய தோலும், உருவாகத் தொடங்கும் செவுளுமே மூச்சுக் கருவிகள். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்போதுதான் பை வேலைக்கு வருகிறது. ஆகவே வளர்ப்பவர் கையில் இருப்பவை அடுத்தடுத்து வரும் இரண்டு மீன்கள். முதலாவது தண்ணீரில் மூச்சு விடும். இரண்டாவது காற்றில் மூச்சு விடும். ஒரே பாத்திரம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். அதற்கு நான் கண்ட வழி ஒன்றே: அகலமான பாத்திரம், நாலு விரல் தண்ணீர். இனி எழுதுவதெல்லாம் இந்த ஒரு வரிக்கு உரை.

வீட்டில் ஏன் வளர்க்க வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். வன்னியின் பெரிய குளங்களில் ஆண்டுதோறும் மீன் குஞ்சு விடுகிறார்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை இந்த வேலையைச் செய்கிறது. இரணைமடுவிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. விடப்படுபவை ரோகு, கட்லா, மிரிகால், சாதாக் கெண்டை, திலாப்பியா, நன்னீர் இறால். குளத்து மீனவர் வலையை நிரப்புபவை இவைதான் என்பதால் அதைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் சுங்கானுக்கு இடமில்லை. அது முட்டையிடுவது புது மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் வயல் மூலையிலும். பெரும்போகத்தில் களைநாசினியும் பூச்சிநாசினியும் அடிக்கப்படுவதும் அதே வயலில், அதே கிழமைகளில்தான். குஞ்சின் மிக மென்மையான நாட்களும் மருந்தடிக்கும் நாட்களும் ஒன்றாக வருகின்றன. பொரித்த பின்னான முதல் மூன்று கிழமையைக் குஞ்சுகள் கொஞ்சம் வேறிடத்தில் கழிக்குமானால் அது வீண் வேலையல்ல.

முட்டையைப் பெறுவதற்கு ஊசி வழி ஒன்று உண்டு. எல். எஸ். ராமசுவாமி, பி. ஐ. சுந்தரராஜ் இருவரும் 1956இல் இதே இனத்துக்குக் கபச் சுரப்பிச் சாற்றை ஊசியால் ஏற்றி முட்டையிட வைத்தார்கள். கட்டாக்கில் ஹீராலால் சௌதுரியும் அலிக்குஞ்ஞியும் இந்தியப் பெருங்கெண்டைகளில் அதே வித்தையைச் செய்து பெயர் பெற்றது 1957இல். சுங்கான் ஓராண்டு முந்திக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஊசி தேவையில்லை. ஐப்பசியில் முதல் பெருமழைக்குப் பிறகு, வயலின் தாழ்ந்த மூலையில், கால் மட்டத் தண்ணீரில், புல்லடியில் தேடினால் போதும். முட்டை ஒன்றரை மில்லிமீற்றருக்கு உட்பட்டது, இளம்பச்சை நிறம், புல்லிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளையாகிப் பஞ்சு பிடித்தது செத்த முட்டை. அதை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பக்கத்து முட்டைக்கும் பரவும்.

முட்டை தவறி, குஞ்சாகவே கண்ணில் பட்டால் முதல் கடமை அது வாற்பேத்தையா என்று பார்ப்பது. மாரி தொடங்கும்போது தவளையும் தேரையும் அதே பள்ளத்தில்தான் முட்டையிடும். கரிய கும்பலாக இரண்டும் ஒன்றுபோலவே நெளியும். "அண்ணை, உது முழுக்கத் தவளைக் குஞ்செல்லோ" என்று பார்ப்பவர் கேட்டால் அவரைக் கோபிக்கக்கூடாது. கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். வாற்பேத்தையின் வயிறு உருண்டை. உள்ளே குடல் சுருளாகத் தெரியும். சுங்கான் குஞ்சின் உடம்பு ஒடுங்கியது. இரண்டு மூன்று நாள் ஆனதென்றால் வாயைச் சுற்றி மயிரிழை போல மீசை நிற்கும். வாற்பேத்தை வெயிலில் மிதக்கும். சுங்கான் குஞ்சு வெளிச்சம் பட்டதும் அடிக்கு, மூலைக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரிந்தால் அவை விரால் பார்ப்பு. கீழே தாய் நிற்கும். அவற்றைத் தொடாதீர்கள்.

முட்டை இருபத்தேழு, இருபத்தெட்டுப் பாகைச் சூட்டில் ஒரு நாளுக்குள் பொரிக்கும். மழை இருட்டில் சீமெந்து நிலம் குளிர்ந்துவிடும் என்பதால் பாத்திரத்தை நிலத்தில் வைக்காமல் மர வாங்கில் வைப்பது நல்லது. பொரித்த முதல் மூன்று நாள் குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கரு இருக்கும். அதுவரை உணவு போடக்கூடாது. போட்டது அழுகும், அவ்வளவுதான்.

பாத்திரத்துக்கு வருவோம். மீன் வளர்ப்பு நூல்கள் உயரமான கண்ணாடித் தொட்டியையும் காற்று மோட்டரையும் சொல்கின்றன. கடையில் கேட்டாலும் "மோட்டர் இல்லாமல் குஞ்சு தப்பாது அண்ணை" என்பார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் விற்கும் மீனுக்குச் சரி. தண்ணீருக்குள் ஒட்சிசன் போகும் வாசல் அதன் மேற்பரப்பு. இருபத்தெட்டுப் பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் கொள்ளக்கூடிய ஒட்சிசன் எட்டு மில்லிகிராமுக்கும் குறைவு. சூடு ஏற ஏற அது இன்னும் குறையும். உயரமான தொட்டியில் மேற்பரப்பு சிறிது, கீழே தண்ணீர் அதிகம், குஞ்சு கிடப்பதோ அடியில். அந்தத் தொட்டியைக் காப்பாற்றுவது மோட்டர். மோட்டரைக் காப்பாற்றுவது மின்சாரம். போர்க்கால வன்னிக்குத் தேசிய மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. மின்சாரம் வந்த பிறகும் 2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் அது நிறுத்தப்பட்டது. மூன்று மில்லிமீற்றர் உயிரொன்றின் மூச்சை அந்தக் கம்பியில் கட்டிவைப்பது அறிவல்ல.

அகலமான பிளாஸ்ரிக் பேசினில் நாலு விரல் தண்ணீர் விட்டால் ஒவ்வொரு குஞ்சுக்கும் மேற்பரப்பு அருகிலேயே இருக்கும். மோட்டர் இருந்தால் மெல்லக் குமிழ் விடலாம். வேகமாக விட்டால் குஞ்சு நீரோட்டத்தோடு போராடியே மெலிந்துவிடும். இல்லாவிட்டால் குஞ்சை ஐதாக விட்டு, காலையிலும் மாலையிலும் தண்ணீரைக் கொஞ்சம் மாற்றினால் போதும். கண்ணாடித் தொட்டிதான் வேண்டுமென்பவர்கள் நீளமான, தாழ்ந்த தொட்டியை எடுத்து அதிலும் நாலு விரலே விடலாம். பக்கவாட்டில் பார்க்கக்கூடியதாக இருப்பது அதன் ஒரே மேன்மை. அந்த மேன்மை சிறியதல்ல. அடியில் மணலோ கல்லோ வேண்டாம். ஓட்டுத் துண்டு இரண்டும் கவிழ்த்த சிரட்டை ஒன்றும் ஒளிவதற்குப் போதும்.

தண்ணீர் விடயத்தில் வன்னிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எங்கள் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டாத வீடு குறைவு. கடின நீர் குஞ்சைக் கொல்லாது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் காரத்தன்மை வேறொன்றைச் செய்கிறது. குஞ்சின் கழிவும் மிஞ்சிய உணவும் அமோனியாவாகும். அதில் நஞ்சான பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச். பெறுமானமும் சூடும். பி.எச். ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால் நஞ்சான பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். மெல்லிய நீருள்ள ஊரில் ஒருவர் இரண்டு நாள் சுத்தம் செய்யாமல் விட்டுத் தப்பலாம். இங்கே தப்ப முடியாது. சிறு குழாயால் அடியில் கிடக்கும் அழுக்கை நாளுக்கு இரு தடவை உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது இந்த மண்ணில் கட்டாயம். ஓட்டுக் கூரையை முதல் மழைகள் கழுவிய பிறகு பிடித்துவைத்த மழை நீரைக் கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலப்பது நல்லது. இந்தக் குஞ்சு இயல்பில் பிறப்பதே மழை நீரில்தானே. குழாய் நீரென்றால் குளோரின் போக ஒரு நாள் வாய் திறந்து வைக்கவேண்டும். பூநகரிப் பக்கம் சவர் ஏறிய கிணற்று நீரை விட்டுவிடுங்கள்.

உணவில்தான் பெரும்பாலான குஞ்சுகள் தோற்கின்றன. மஞ்சட்கரு தீரும் நாளில் வாய் திறந்திருக்கும், பசி இருக்கும், தேடிப் போகும் வலு இருக்காது. இரை அதன் மீசையில் வந்து முட்டவேண்டும். அதுவும் அசைந்துகொண்டு வரவேண்டும். நாலு விரல் ஆழத்தின் இரண்டாவது பயன் இது: அதே அளவு இரை ஆழமான தொட்டியில் சிதறிப்போகும், இங்கே குஞ்சைச் சுற்றியே நிற்கும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் பிழிந்து விடுவது பழைய வழக்கம். குஞ்சு அதைத் தின்னும். ஆனால் தின்பதைவிட மிஞ்சுவது அதிகம், மிஞ்சியது மேலே எண்ணெய்ப் படலமாகப் படியும். அந்தப் படலத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சிறந்த உணவு நீர்த்தெள்ளு. முட்டை கிடைத்த அன்றே வெளியில் ஒரு வாளியில் குளத்து நீரை எடுத்து, ஒரு பிடி வைக்கோலும் கொஞ்சம் காய்ந்த மாட்டெருவும் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் தண்ணீர் பச்சை பிடித்து, அதை உண்ணும் நுண்ணுயிர்களும் நீர்த்தெள்ளும் பெருகும். குளத்து நீரைக் கொண்டுவரும்போது தும்பிக் குடம்பியும் நீர்வண்டின் குடம்பியும் கூட வரும். அவை ஓர் இரவில் பேசினை வெறுமையாக்கக் கூடியவை. தேநீர் வடியால் ஒரு முறை, மெல்லிய துணியால் மறுமுறை வடிக்கவேண்டும். அண்மையில் மருந்தடித்த வயலின் கழிவு வாய்க்காலில் நீர் அள்ளக்கூடாது. வாளியை நுளம்பு வலையால் மூடிக் கட்டுவது குஞ்சின் நலனுக்காக மட்டுமல்ல. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். டெங்குக் காலத்தில் வளவுக்குள் வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீர்த்தெள்ளின் அவசியத்தை விளக்குவதைவிட வலையைக் காட்டுவது எளிது. நுளம்புக் குடம்பி தப்பித் தவறி வந்துவிட்டால் மூன்றாம் கிழமைக் குஞ்சுக்கு அது நல்ல தீனி.

வசதியுள்ளவர்கள் ஆர்ட்டீமியா என்ற உவர்நீர்ச் சிற்றிறாலின் முட்டை வாங்கலாம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு முப்பது கிராம் கல்லுப்பு. இருபத்தெட்டுப் பாகையில் ஒரு நாளில் பொரிக்கும். அரை மில்லிமீற்றர் அளவான அந்த உயிர் சுங்கான் குஞ்சின் வாய்க்கு மிகப் பொருந்தும். நன்னீரில் விட்டால் சில மணித்தியாலத்தில் செத்துவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பெரிய பங்கு இரவுக்கு. சுங்கான் இருட்டில் உண்ணும் மீன்.

பத்தாம் நாளை ஒட்டி, வளர்ப்பவர் முடிந்தவரை பேசினுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அதுவரை அடியில் கிடந்த குஞ்சுகளில் ஒன்று திடீரென்று நேர் மேலே பாயும், மேற்பரப்பைத் தொடும், உடனே திரும்பி விழும். முதல் பாய்ச்சல்கள் பல வீணாகும். காற்று கிடைக்காமலே திரும்பும், மறுபடி எழும்பும். சிறிது நேரத்தில் இன்னொன்று. மறுநாள் பலவும் எழும்பத் தொடங்கும். முதுகில் புதிதாகத் திறந்த பைக்குள் முதல் காற்று போகும் நேரம் இது. ஆழமான தொட்டியில் இந்தப் பாய்ச்சல் ஒவ்வொன்றும் அதன் உடல் நீளத்தைப்போல் பல பத்து மடங்கு தூரம். உண்டதெல்லாம் ஏறி இறங்குவதிலேயே செலவாகும். நாலு விரல் தண்ணீரில் அது ஒரு சிறு எத்து. மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் இந்த முயற்சி இடர்ப்படும். ஆகவே எட்டாம் நாளிலிருந்து காலையில் ஒரு தாளை மேற்பரப்பில் விரித்து எடுத்துப் படலத்தை நீக்குங்கள். வேலம்பாசி ஓரத்தில் கொஞ்சம் மிதக்கலாம், முழுதும் மூடக்கூடாது. மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் வெளி விடவேண்டும்.

பை திறந்த பிறகு மூச்சுப் பயம் குறைகிறது, வேறொரு பயம் கூடுகிறது. ஒரே நாளில் பொரித்தவையும் ஒரே அளவில் வளர்வதில்லை. தலை பெருத்தது சிறியதன் வாலைக் கடிக்கும், பிறகு முழுதாகவே விழுங்கப் பார்க்கும். பசியும் அளவு வேறுபாடும் சேரும்போதுதான் இது நடக்கிறது. இரண்டில் ஒன்றையாவது நீக்கிவிட்டால் பெரும்பாலும் அடங்கும். நான்கு ஐந்து நாளுக்கொரு முறை பெரியவற்றைத் தனிப் பேசினுக்கு மாற்றுங்கள். வலை வேண்டாம், நெஞ்சு முள் அந்த வயதிலேயே வலையில் சிக்கும், இழுத்தால் செட்டை பிய்யும். கோப்பையால் தண்ணீரோடு அள்ளுவதே முறை.

மூன்று கிழமை கழிந்து, இரண்டு சென்ரிமீற்றர் தாண்டியவை சீமெந்துத் தொட்டிக்குப் போகலாம். அங்கும் மேலே வலை கட்டாயம். மழை இரவில் சுங்கான் விளிம்பேறிப் போய்விடும். திரும்பக் குளத்தில் விடுவதானால் முட்டை எடுத்த வயலுக்குத் தண்ணீர் தந்த அதே குளத்தில், பொழுது படும் நேரத்தில், பாசி உள்ள ஓரத்தில் விடவேண்டும். கடையில் வாங்கிய மீனோடு ஒரே தண்ணீரில் இருந்த குஞ்சைக் குளத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. தொட்டி துடைக்கவென்று வாங்கப்படும், ராங்க் கிளீனர் என்று பெயர் பெற்ற தென்னமெரிக்கக் கவச மீன், யாரோ கைவிட்டதால் மலைநாட்டில் பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் பெருகிவிட்டது. அதுவும் மீசையுள்ள மீன்தான். எங்கள் குளங்களுக்கு அது வேண்டாம்.

விரல் நீளம் ஆனபின் கை வைக்கும்போது முள்ளைக் கணக்கெடுக்கவேண்டும். சுங்கான் குத்து வயலில் வெறுங்காலோடு நின்றவர்கள் அறிந்தது. வலி மணிக்கணக்கில் நிற்கும். அந்த நஞ்சு புரதத்தாலானது, சூட்டில் சிதையும். குத்திய கையை, தோல் வேகாமல் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகையில், அரை மணித்தியாலமாவது வைத்திருங்கள். சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்திய கைக்கு அப்போது சூடு சரியாகத் தெரியாது. முள் முறிந்து உள்ளே நின்றாலும், வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி ஏறினாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்புத் தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.